சோலையப்பன் எங்கும் இல்லை

இல்லை என்கிறது. மறுபடியும் இல்லை. திரையின் அடியில் பொடி எழுத்தில், தேடியது எங்கும் கிடைக்கவில்லை என்று, ரேஷன் கடைக்காரன் தலை நிமிராமல் கையை மட்டும் ஆட்டுவானே அந்த மாதிரி. இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும், இல்லாமலா அந்த அம்மாளுக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மெசேஜ் போகிறது, ஆகாயத்திலிருந்தா விழுகிறது? 'திரு. சோலையப்பன் அவர்களே, நாளை காலை உங்கள் டயாலிசிஸ். தவறாமல் வரவும்.' தவறாமல் வர வேண்டுமாம். அந்த மனுஷனுக்கு நாளைக்கு வருஷத் தெவசம். மத்தியானம் டிபன் டப்பாவைக்கூட நான் இன்னும் மூடவில்லை, மேசை போன் அடித்தது. நோயாளிகளிடமோ அவர்கள் வீட்டாரிடமோ நாங்கள் நேராகப் பேசுவதில்லை, டயாலிசிஸ் மையங்களுக்குச் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் வாயைத் திறந்தால் கம்பெனி மானம் போய்விடும் என்று அதற்கொரு தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், அங்கே யாரோ சலித்துப்போய் கைமாற்றி, அவனும் கைமாற்றி, கடைசியில் என் காதில் வந்து விழுந்தது. “யாரு பேசுறது, ஆம்பளையா பொம்பளையா? பொம்பளையா, நல்லதாப் போச்சு. நான் சாத்தூர்லருந்து முத்துப்பேச்சி பேசுறேன். உங்க ஆளுக வீட்லயெல்லாம் சாவே விழுந்ததில்லையாத்தா? செத்த மனுசன டயாலிசிஸுக்கு வா வான்னு கூப்பிடுறீகளே, சுடுகாட்டுல போயி எழுப்பிக் கூட்டியாரட்டா?” நான் மன்னிக்கணும்மா என்று ஆரம்பித்தேன். “மன்னிப்ப வச்சுக்க. நம்பர மாத்துன்னு ஒருத்தன் சொல்றான். எதுக்கு மாத்தணும்? இட்லி மாவு யாவாரம் பூராம் அந்த நம்பர்லதான் ஓடுது. நாளைக்கு அவருக்குத் தெவசம், வீடு நெறைய ஆளு வந்துருச்சு. இன்னைக்கும் அது டிங்குன்னு அடிச்சுச்சுன்னா, அம்புட்டுப் பேரு முன்னாடி நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.” எனக்கு என்ன ஆயிற்றோ, வாய் முந்திக்கொண்டது. “வராதும்மா. இன்னைக்கு வராது. நான் சொல்றேன்.” “உன் பேரு என்ன?” மங்கையர்க்கரசி என்றேன். “வந்துச்சுன்னா உனக்குத்தான் போன் பண்ணுவேன், மங்கையர்க்கரசி.” வைத்துவிட்டாள். பக்கத்து இருக்கை ஜோயல் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, “அக்கா, ஏன்க்கா ப்ராமிஸ் பண்றீங்க, அந்த டிக்கெட்ட நானே எத்தன தடவ குளோஸ் பண்ணிருக்கேன்,” என்றான். குளோஸ் பண்ணியிருக்கிறான். சோலையப்பனை எரித்தார்கள், இவன் மூடினான், ஆளுக்கொரு வேலை.

அந்த அம்மாளின் புகார் டிக்கெட்டை மூடியதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறான் என்று பார்த்தேன். 'இந்த வாசகம் டேட்டாபேஸில் எங்கும் இல்லை.' அடுத்த தடவை, 'ஏற்கெனவே தேடியாயிற்று, இல்லை.' அதற்கடுத்தது, 'மேலே பார்க்கவும்.' மேலே பார்க்க வேண்டுமாம், மேலே என்ன, சோலையப்பனா இருக்கிறார்? ஆத்திரத்தில் நான் செய்ததும் அதே முட்டாள்தனம்தான், முதலில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன், அப்புறம் அந்த அம்மாளின் போன் நம்பரை. இல்லை, இல்லை. எப்படி இருக்கும், நோயாளிகளின் பெயரும் நம்பரும் அட்டவணைகளுக்குள் கிடக்கின்றன, அதைத் திறந்து பார்க்க எங்களுக்கு அனுமதி கிடையாது, நாங்கள் எழுதிய நிரல்களை மட்டும்தான் பார்க்கலாம், எந்த நேரத்தில் யாருக்கு என்ன அனுப்பு என்று நூற்றுக்கணக்கில் எழுதி உள்ளே அடுக்கி வைத்திருக்கிறோமே அவற்றை. வருஷக்கணக்காக ஆளுக்கு ஆள் எழுதிப் போட்டது, எழுதினவர்களில் பாதிப் பேர் இப்போது கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை, அதனால்தான் தேடுகிறோம். சரி, பெயர் வேண்டாம், மெசேஜில் உள்ள வாசகத்தைத் தேடுவோம், 'நாளை காலை உங்கள் டயாலிசிஸ்'. இல்லை. ஜோயல் எப்படித் தேடினான்? அவன் தேடிய கட்டளை டிக்கெட்டிலேயே ஒட்டியிருந்தது, அதை எடுத்துத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன், தேடுகிற வாசகம் என்ன என்று எனக்கே காட்டு என்று. காட்டியது. வரிசையாகக் கேள்விக்குறிகள். நாளை, காலை, உங்கள், ஓர் எழுத்துகூட இல்லை, எழுத்துக்கு ஒன்றாகக் கேள்விக்குறி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கன்னத்தில் அறை விழுந்த மாதிரி சுள்ளென்று இருந்தது. மேற்கோள் குறிக்கு முன்னால் ஒற்றை ஆங்கில எழுத்தைச் சேர்த்தால்தான் அந்தச் சனியனுக்குப் பின்னால் வருவது தமிழ் என்று புரியும், சேர்க்காவிட்டால் தெரியாத பாஷை என்று எல்லாவற்றையும் கேள்விக்குறியாக்கிவிடும், பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோரும் வாங்குகிற அடி. ஆக ஒரு வருஷமாக, அந்த அம்மாள் கத்தக் கத்த, இவர்கள் நூற்றுக்கணக்கான நிரல்களுக்குள் நுழைந்து கேள்விக்குறிகளைத் தேடியிருக்கிறார்கள். இல்லை என்று வந்தது, இல்லை என்று எழுதிவிட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், சங்காவது சங்காக ஊதப்பட்டது. “ஜோயல், இங்க வா,” என்றேன். வந்து பார்த்தான். காது சிவந்தது. “சாரிக்கா,” என்றான். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், சாத்தூருக்குச் சொல்லு என்றேன். அவன் போய் உட்கார்ந்துவிட்டான்.

அந்த எழுத்தைச் சேர்த்துத் தேடினேன், வந்துவிட்டது, ஒரே இடம், நினைவூட்டல் அனுப்புகிற நிரல். திறந்தேன். இதோ அகப்பட்டாய் என்று நினைத்தேன். படித்தால், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நோயாளி உயிரோடிருந்தால் அனுப்பு, இறந்தவர் என்று குறிக்கப்பட்டிருந்தால் அனுப்பாதே. சோலையப்பன் இறந்த அன்றே ஆஸ்பத்திரியில் குறித்துவிட்டார்கள், அதுவும் டிக்கெட்டில் இருக்கிறது. அப்படியானால் அனுப்பாது. ஆனால் அனுப்புகிறது. நிரல் யோக்கியமாகத்தான் இருக்கிறது, செத்தவருக்கு மட்டும் மெசேஜ் போகிறது, மாமியார் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், மருமகள் மட்டும் கிணற்றில் விழுந்தாள் என்கிற கதை. மறுபடி படித்தேன், வரிவரியாக, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. உயிரோடிருந்தால் அனுப்பு, அல்லது கட்டாயம் என்றால் அனுப்பு. கட்டாயம். அங்கேதான் மனசு மாட்டிக்கொண்டது. யாராவது இந்த நிரலைக் கூப்பிடும்போது கட்டாயம் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் உயிரா பிணமா என்று இது பார்க்காது, அனுப்பிவிடும். யார் செத்தவனைக் கட்டாயம் வா என்பது? அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். திருச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டர், டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் நகம் ஓரத்தில் கருத்துப்போயிருக்கும், தூக்கத்தில்கூட விசில் கேட்டதுபோல எழுந்து உட்காருவார், ஒரு காலையில் எழவில்லை. கம்பெனி மேலாளரே வந்து மாலை போட்டார். கருமாதி அன்றைக்குத் தபால்காரர் வந்தார், பதிவுத் தபால். பணிக்கு வராததன் காரணத்தை உடனடியாகத் தெரிவிக்கவும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். கடிதத்தின் அடியில், மாலை போட்ட அதே மேலாளரின் கையெழுத்து. பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், தபால்காரர் வெயிலில் நிற்கிறாரே என்று அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பெனிக்காரன்மேல் வந்த கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. அம்மா கையெழுத்துப் போட்டாளே, அதுதான் ஆறவில்லை. கிழித்துத் தபால்காரர் மூஞ்சியில் வீசியிருக்கலாம், வாங்க மாட்டேன் என்று உள்ளே போயிருக்கலாம், ஒன்றுமில்லை, பேரைக் கோணல்மாணலாக எழுதி, 'ஒரு வாய் சாப்ட்டுப் போங்கண்ணே' என்று வேறு அவரிடம் சொன்னாள். முத்துப்பேச்சி அப்படியில்லை. முத்துப்பேச்சி கத்துகிறாள், பேரைக் கேட்டு வைத்துக்கொள்கிறாள், அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. யார் கட்டாயம் என்று கூப்பிடுகிறார்கள் என்று தேட வேண்டும்.

இந்த நிரலின் பெயரைப் போட்டு, இதைக் கூப்பிடுகிற மற்ற நிரல்கள் எவையெவை என்று தேடினேன். மூன்று வந்தன. தினமும் ஓடுகிற ஒன்று, புதிதாகப் பதிகிறவர்களுக்கு ஒன்று, நேரம் மாறினால் சொல்கிற ஒன்று. மூன்றிலும் அதைக் கூப்பிடுகிற வரியைப் படித்தேன், எதிலும் கட்டாயம் இல்லை. அப்படியானால் யார்? மணி நாலு ஆகப் போகிறது. இந்த நேரம் பார்த்துப் பச்சை பலூன் ஊதுகிறார்கள். ஆளாளுக்குக் கன்னம் உப்ப, ஏதோ கல்யாண வீடு மாதிரி. எதற்கென்றால், சுவரில் ஒரு பெரிய டிவி இருக்கிறது, அதில் வட்டம் வட்டமாக எங்கள் சாஃப்ட்வேரின் ஒவ்வோர் உறுப்பும் நலமா என்று காட்டிக்கொண்டே இருக்கும், நலம் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஒரு வருஷமாக ஒரு சிவப்புகூட விழவில்லையாம். அதற்குக் கேக். மேலாளர் பத்ரிநாத் ஆர்டர் கொடுத்து வரவழைத்திருக்கிறார், பச்சை க்ரீம். செத்தவருக்கு மெசேஜ் போகிற இடத்தில் எல்லாம் பச்சை, என்ன ஒரு ஆரோக்கியம். எழுந்து அவர் அறைக்குப் போனேன். பத்ரி என்னைவிடச் சின்னவர், நான் சேர்ந்த பிறகு சேர்ந்தவர், என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நிரல் எழுதியவர், டீக்குச் சில்லறை இல்லை என்றால் என் பர்ஸைத் திறந்து எடுத்துக்கொண்டவர், இப்போது கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நாளைக்குத் தெவசம் என்பதையும். கேட்டார், கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், கண் என் முகத்தில்தான் இருந்தது. “புரியுது மங்கை, ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்குப் போய் லைவ்ல கை வைக்கணும்ங்கறீங்க. ஒரு வருஷமா ஒரு ரெட் இல்ல. ஒரே ஒரு எஸ்எம்எஸ்தானே? அடுத்த ரிலீஸ்ல சேத்துக்கலாம். அந்தம்மாகிட்ட சாரி சொல்லிடுங்க, பொலைட்டா.” ஒரே ஒரு எஸ்எம்எஸ். ஒரே ஒரு புருஷன்தான் அவளுக்கும். சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, சரி பத்ரி என்று வெளியே வந்தேன், வெளியே வந்த பிறகு என் மேலேயே கோபம் வந்தது, சரி பத்ரி, சரி பத்ரி, அம்மா போட்ட கையெழுத்தும் இதுவும் ஒன்றுதானே. காபி இயந்திரத்தில் பட்டனை அழுத்தினேன். வெந்நீர் மட்டும் வந்தது. குடித்தேன்.

இருக்கைக்கு வந்தால் அந்த மூன்றும் திரையில் அப்படியே கிடக்கின்றன. ஏன் மூன்று, ஏன் நாலு இல்லை, ஆளில்லாமல் கூப்பாடு வருமா? அனிச்சையாகச் சுட்டியை உருட்டிக்கொண்டே போனேன், தினமும் ஓடுகிற நிரலின் அடி வரைக்கும், படிக்கவில்லை, சும்மா கண் ஓடுகிறது, அடியில் கடைசி வரி பாதிச் சொல்லில் நிற்கிறது. பாதிச் சொல். இன்னும் எழுதப்போகிறவன் கையை யாரோ பிடித்துக்கொண்டது போல, ஒரு சொல்லின் முதல் நாலு எழுத்தோடு நின்றுவிட்டது. எந்தப் பைத்தியக்காரனும் பாதிச் சொல்லில் நிரலை முடிக்க மாட்டான், முடித்தால் அது ஓடாது. ஓடுகிறது என்றால் மிச்சம் இருக்கிறது. எனக்குக் காட்டவில்லை. அடப் பாவி. தெரியும், எனக்கு இது தெரியும், மறந்து தொலைத்தேன், நாங்கள் எல்லோரும் வழக்கமாகத் தேடுகிற இந்தப் பட்டியல் ஒவ்வொரு நிரலிலும் முதல் நாலாயிரம் எழுத்தைத்தான் வைத்திருக்கும், அதற்கு மேல் இருப்பதை வெட்டிவிடும், வெட்டியதாக ஒரு வார்த்தை சொல்லாது. குட்டி நிரலுக்கு ஒன்றுமில்லை, முழுசும் அடங்கிவிடும். நீளமானதென்றால் வாலில் என்ன இருந்தாலும் தேடலுக்கு அது கிடையாது. இத்தனை காலமும் நாங்கள் எதையெதை இல்லை என்று எழுதியிருக்கிறோம், எத்தனை பேரிடம் இல்லவே இல்லை என்று சாதித்திருக்கிறோம், அரைக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்று திரும்பி வந்திருக்கிறோம். முழு வாசகத்தையும் வைத்திருக்கிற இன்னோர் இடம் உண்டு, தேடக் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும், அந்தச் சோம்பலில்தான் யாரும் அங்கே போவதில்லை. எழுதினேன். இரண்டு தடவை தப்பாக அடித்து மூன்றாவது தடவை சரியாக வந்தது. “அக்கா, கேக்,” என்று யாரோ கூப்பிட்டார்கள். வரேன் என்றேன். தேடச் சொன்னேன். சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது. வந்தது. நாலு.

நாலாவது, நலச் சோதனை. சுவர் டிவியில் வட்டங்களுக்குப் பச்சை பூசுகிறதே, அதே நிரல். அனுமார் வால் போல நீளம், யார் யாருக்கு எது எது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமோ அவரவர் வந்து அடியில் ஒட்டிவிட்டுப் போன நிரல், அதன் கடைசிக்குக் கடைசியில், வியாழக்கிழமை ஐந்து மணி என்றால், ஒன்றாம் எண் நோயாளிக்கு நினைவூட்டல் அனுப்பு, கட்டாயம், அந்த போனில் போய்ச் சேர்ந்ததா பார், சேர்ந்தால் பச்சை. ஒன்றாம் எண். பெயரில்லை, போன் இல்லை, வெறும் ஒன்று. ஒன்று என்று தேடியிருந்தால் உலகத்தில் உள்ள நிரலெல்லாம் வந்திருக்கும். மேலே உருட்டிக்கொண்டு போனேன், முகப்பில் எழுதியவர் பெயர் போடுவது எங்கள் வழக்கம், யார், எதற்காக என்று. எழுதியவர்: பத்ரிநாத். காரணம்: செய்திச் சேவை உயிரோடு உள்ளதா என அறிய. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அந்த ஒன்றாம் எண் ஆளைத் தெரியும். சாத்தூரில் எங்கள் முதல் டயாலிசிஸ் மையத்தைத் திறந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம், பத்ரியும் நானும், ரிப்பன், குத்துவிளக்கு, யாரோ ஒரு பெரிய மனிதருக்காக மத்தியானம் வரை காத்திருந்தோம். முதல் நோயாளியாக ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், பச்சைத் துண்டு போட்டு, கையில் குழாய் குத்தின வீக்கத்தை முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டு. அவர் பெயரை நான்தான் தட்டச்சு செய்தேன். “என் பேருதான் மொதல்லயாம்மா?” என்று எட்டிப் பார்த்தார். ஆமாங்கய்யா, நீங்கதான் நம்பர் ஒண்ணு என்றேன். அப்படிச் சிரித்தார் மனுஷன். “பள்ளிக்கூடத்துல கடைசிப் பெஞ்சு. இப்பத்தான் மொத ரேங்கு வாங்கிருக்கேன்.” எல்லோரும் சிரித்தோம். பத்ரி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள். அவர் போனுக்கு முதல் மெசேஜ் போய் டிங்கென்று அடித்ததும் நாங்கள் கைதட்டினோம். அன்றைக்கு உலகத்திலேயே எங்களிடம் இருந்தது ஒரே நோயாளி, அவருக்கு அனுப்பித்தான் பார்க்க முடியும், பத்ரி அனுப்பினார், சரி. அப்புறம் ஆயிரம் பேர் வந்தார்கள், மையத்துக்கு மேல் மையம் வந்தது, பத்ரி கண்ணாடி அறைக்குப் போனார், அந்த வரி அங்கேயே கிடந்தது. சேவை உயிரோடிருக்கிறதா என்று வாராவாரம் செத்த மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிறோம். அவள் போன் டிங்கென்று அழும், இங்கே பச்சை விழும். அதற்குத்தான் அந்தக் கேக். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டதில் கன்னம் வலித்தது.

அங்கே கை தட்டுகிறார்கள். வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. போய்ச் சொல்லலாம், கேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற பத்ரியிடம், நீங்கள் எழுதியதுதான் என்று. என்ன சொல்வார், ஓ என்பார், அட என்பார், நல்ல கேட்ச் மங்கை என்பார், அடுத்த ரிலீஸில் முதல் வேலையாக என்பார். அந்த வரியை இப்போது நீக்கினால் ஐந்து மணிக்கு வட்டம் சிவப்பாகும், எல்லோரும் ஓடிவருவார்கள், பழையபடி திருப்பி வைத்துவிடுவார்கள், அப்போதே இன்னொரு தடவை அனுப்பியும் பார்ப்பார்கள், அவர்களுக்கு அந்தச் சுறுசுறுப்பு உண்டு. மெசேஜ் போயே தீர வேண்டும், யார் போனிலாவது போய்ச் சேர வேண்டும். யார் போனில்? என் நம்பரைப் போடலாம் என்றுதான் விரல் போனது. என் நம்பரின் முதல் எண்ணை அடித்தும்விட்டேன். அப்புறம் ஏன் நான் என்று தோன்றியது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டியா? இத்தனை வருஷமாக யார் தலையில் எது விழுந்தாலும் மங்கை இருக்கிறாள், மங்கை பார்த்துக்கொள்வாள். அழித்தேன். பத்ரியின் நம்பர் எனக்கு மனப்பாடம், டீக்கடைக் காலத்து நம்பர், அவர் இன்னும் மாற்றவில்லை, அவரை யாரும் மாற்றச் சொல்லவும் இல்லை. அதை அடித்தேன், வேறொன்றையும் தொடவில்லை. அதே வாசகம், அதே கட்டாயம், போகிற இடம் மட்டும் வேறு. ஓடிக்கொண்டிருக்கிற நிரலை லைவிலேயே மாற்றுவதற்கு அவசரச் சாவி ஒன்று என்னிடம் உண்டு, திறந்தால் என் பெயர் பதிவாகும், அனுமதி இல்லாமல் திறந்தால் வேலைக்கே உலை வைக்கிற சாவி. மெமோ வரும். கண்டிப்பாக வரும். வேலைக்கு வெளியே நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு யார் பந்தல் போட்டு வைத்திருக்கிறார்கள், மகன் கல்லூரி, வீட்டுக் கடன், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் சொல்லாமல் ஒரு மாதிரி பார்ப்பார். முகப்புக்குப் போனேன். மாற்றுகிறவர்களும் பெயர் போட வேண்டும், அதுதான் வழக்கம். மாற்றியவர்: மங்கையர்க்கரசி. காரணம்? விரல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் தமிழிலேயே அடித்தேன், கேள்விக்குறி ஆகாதபடி, அந்த ஒற்றை எழுத்தையும் சேர்த்து. சோலையப்பன், சாத்தூர், இறந்துவிட்டார். நாலாயிரத்துக்கு உள்ளே, முதல் வரியிலேயே. இனி எவன் எப்படி அரைகுறையாகத் தேடினாலும் அவர் இருப்பார். சேமித்தேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஜோயல் காகிதத் தட்டில் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து வைத்தான், என் திரையைப் பார்த்தான், முகப்பில் நான் எழுதியதை அவன் படித்துவிட்டான் என்று தெரிந்தது, போகாமல் நின்றான். சுவரில் கடிகாரம், டிவியில் வட்டங்கள், செய்திச் சேவைக்கான வட்டம் மட்டும் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நிமிஷம் சாம்பல் நிறமாகும், பதில் வருகிற வரைக்கும். சாம்பலானது. சாத்தூரில் இப்போது இலை வாங்கி வந்திருப்பார்கள், நாளைக்கு யார் முதலில் தண்ணீர் விடுவது என்று பேசிக்கொண்டிருப்பார்கள், அவள் மாவு ஆட்டுகிற கையோடு போனையே பார்த்துக்கொண்டிருப்பாள், அல்லது பார்க்கக் கூடாது என்று கவிழ்த்து வைத்திருப்பாள். மேசை போன்மேல் என் கை இருந்தது, எடுப்பதற்கா அமுக்கிப் பிடிக்கவா எனக்கே தெரியாது. கேக் மேசைப் பக்கம் ஒரு போன் டிங்கென்றது. வட்டம் பச்சையானது. யாரோ ஓ என்று கூவினார்கள். பத்ரி ஒரு கையில் தட்டும் ஒரு கையில் போனுமாக வந்தார், உதட்டோரம் க்ரீம். “மங்கை, நம்ம சிஸ்டத்துலருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. டயாலிசிஸுக்கு நாளைக்கு வரணுமாம், கூப்பிடுறாங்க. என்னைப் போய்...” சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றது, உடம்பைப் பற்றிய பயம் ஒரு கணம் எல்லோருக்கும் வரும், அவருக்கும் வந்தது, நான் பார்த்தேன். மறுபடி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். “சோலையப்பனா? யாரு இது? இப்படி ஒரு பேர நான் கேள்விப்பட்டதே இல்லையே.” நான் எழுந்து நின்றேன். “அவருக்கு நீங்கதான் பொன்னாடை போத்துனீங்க, பத்ரி,” என்றேன். என் கைக்குக் கீழே போன் அடிக்கவில்லை.